லூபஸ்: ‘தைரியமா இரு’ என்று சொன்னால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மே 10 உலக லூபஸ் நாள். அந்த நாளையொட்டி வரும் கட்டுரைகள் பலவற்றில் ‘மர்ம நோய்’, ‘விநோத நோய்’ என்ற சொற்களும், முடிவில் ‘மனவலிமை இருந்தால் வெல்லலாம்’ என்ற ஒரு வரியும் இருக்கும். நோய் வந்த பெண்ணைப் பார்க்க வீட்டுக்கு வருகிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். “மனசைத் தைரியமா வச்சுக்கோம்மா, எல்லாம் சரியாப் போயிடும்.” சொல்பவரின் அன்பில் குறையில்லை. ஆனால் இரவு 2 மணிக்குத் தூக்கம் வராமல் விட்டத்தைப் பார்த்துக் கிடக்கும் அந்தப் பெண்ணுக்கு, அந்தத் தைரியத்தை எங்கிருந்து எடுப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. எந்த அறிகுறிக்கு என்ன செய்வது, எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று தெரிந்துவிட்டால் பயத்தில் பாதி இறங்கிவிடும். அந்த வகையில் உதவக்கூடிய சிலவற்றைத் தங்கள் வாசகர்களுக்காக எழுதுகிறேன்.

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு மண்டலம் ஆள் தெரியாமல் சொந்தத் தோலையும் மூட்டையும் சிறுநீரகத்தையும் ரத்த அணுக்களையும் தாக்குவதுதான் லூபஸ். பாதிக்கப்படுவோரில் 10-ல் 9 பேர் பெண்கள். பெரும்பாலும் 15 வயதுக்கும் 45 வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. இது ஒட்டுவாரொட்டி இல்லை, புற்றுநோயும் இல்லை. ஒரே தட்டில் சாப்பிடலாம், குழந்தையைத் தூக்கிக் கொஞ்சலாம். வேரோடு பிடுங்கும் மருந்து இன்னும் கைக்கு வரவில்லை என்பது உண்மை. 1950-களில் இந்த நோய் கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் 5 ஆண்டுகளைத் தாண்டவில்லை. இன்று முறையாகச் சிகிச்சை பெறுவோரில் 10-ல் 9 பேர் 10 ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள் என்பதும் உண்மை. லூபஸுக்கென்றே உருவாக்கப்பட்ட பெலிமுமாப் என்ற மருந்து 2011-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 2021-ல் அனிஃப்ரோலுமாப் வந்தது. சிறுநீரகத்தைத் தாக்கும் லூபஸுக்கு வோக்ளோஸ்போரினும் அதே ஆண்டு வந்தது. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில், நோயாளியின் டி செல்களை (ரத்த வெள்ளையணுக்களில் ஒரு வகை) வெளியே எடுத்து, மாற்றியமைத்து, மீண்டும் உடலுக்குள் செலுத்தும் சிகிச்சையை 5 பேருக்குக் கொடுத்துப் பார்த்து 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். 5 பேருக்கும் நோய் அடங்கி, மற்ற மருந்துகளை நிறுத்த முடிந்தது. அந்தச் சிகிச்சை நாளைக்கே நம் ஊர் மருத்துவமனைக்கு வந்துவிடாது. ஆனாலும் ‘இதற்கு மேல் ஒன்றும் கிடையாது’ என்று சொல்கிறவர்களிடம் சொல்வதற்கு இந்தச் செய்தி கையில் இருக்கட்டும்.

மன அமைதியைப் பற்றிப் பேசும்போது முதலில் சொல்ல வேண்டியது ஸ்டீராய்டு மாத்திரையைப் பற்றி. நோய் கிளம்பிய நேரத்தில் அதை அடக்க பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள். உயிரைக் காக்கும் மருந்துதான். ஆனால் அது மனத்தையும் தொடும். தூக்கம் போகும், சின்னச் சொல்லுக்கும் எரிச்சல் வரும், காரணமில்லாமல் அழுகை வரும், சிலருக்கு நேர்மாறாக, நள்ளிரவில் அலமாரியை ஒழுங்குபடுத்தும் அளவுக்குப் பரபரப்பு. அளவு கூடக்கூட இது கூடும். நாளொன்றுக்கு 40 மில்லிகிராமைத் தாண்டும்போது வாய்ப்பு நன்றாகவே அதிகம். இது தெரியாத வீட்டில் என்ன நடக்கிறது? “நோய் வந்ததும் குணமே மாறிப்போச்சு” என்று கணவர் சொல்கிறார். அந்தப் பெண்ணும் தன்னையே வெறுக்கத் தொடங்குகிறார். மாறியது குணமில்லை, மாத்திரையின் அளவு. அளவு குறையும்போது பெரும்பாலானவர்களுக்கு இது தானாகத் தணிகிறது. இந்த ஒரு தகவலை மருந்துச் சீட்டு எழுதும் நாளிலேயே நோயாளிக்கும் வீட்டாருக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டால் எத்தனையோ வீட்டில் சண்டை குறையும்.

செய்ய வேண்டியது எளிது. ஸ்டீராய்டை ஒரே வேளையாக எழுதியிருந்தால் காலை உணவு முடிந்ததும், 8 மணி வாக்கில் போட்டுக்கொள்ளுங்கள். உடல் தானே சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசாலும் காலையில்தான் உச்சத்தில் இருக்கும் என்பதால் அந்த நேரம் பொருந்தும்; இரவுத் தூக்கமும் அவ்வளவாகக் கெடாது. மாலை மாத்திரை எழுதப்பட்டிருந்து தூக்கமே வரவில்லை என்றால், அதைக் காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பிற்பகலுக்குப் பிறகு காபியையும் தேநீரையும் விட்டுவிடுங்கள். முகம் உருண்டையாவதும் எடை கூடுவதும் இதே மாத்திரையால்தான். அளவு குறைந்த சில மாதங்களில் முகம் பழையபடி திரும்பும். பார்க்கிறவர்கள் “என்ன இப்படி ஊதிட்டே?” என்று கேட்பதை நிறுத்திக்கொண்டால் அதுவே ஒரு மருந்து.

முகம் ஊதுகிறதே என்று ஸ்டீராய்டைத் தாமாக நிறுத்துவது மிகப் பெரிய ஆபத்து. சில வாரங்கள் தொடர்ந்து எடுத்துக்கொண்டாலே கார்டிசாலைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி ‘வெளியிலிருந்து வருகிறதே’ என்று தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் உடலில் கார்டிசால் இல்லாமல் மயக்கம், வாந்தி, ரத்த அழுத்தம் சரிவு என்று உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் சொல்லும் படிகளில்தான் இறங்க வேண்டும். ஊருக்குப் போகும்போது தேவையைவிடச் சில நாள் மாத்திரை கூடுதலாகக் கைப்பையில் இருக்கட்டும். பேருந்தின் டிக்கியில் போடும் பெட்டியில் வேண்டாம். வாந்தியால் மாத்திரை உள்ளே நிற்கவில்லை என்றால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மனச்சோர்வுக்கு எல்லா நேரமும் ஸ்டீராய்டுதான் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. லூபஸ் மூளையையும் தொடக்கூடியது. ஆளே குழம்பிப் பேசுவது, இல்லாத குரல் கேட்பது, வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்வது ஆகியவை அவசர சிகிச்சைக்கானவை. வேப்பிலை அடிக்க அழைத்துப் போய் நேரத்தைத் தொலைக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஆர்வமில்லை, வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் அதை லூபஸுக்குச் சிகிச்சை தரும் வாதநோய் (மூட்டுநோய்) டாக்டரிடமும் சொல்லுங்கள், மனநல மருத்துவரையும் பாருங்கள். நடு இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் பேசுகிறார்கள்.

இனி, நோயாளிகள் மிக எளிதாகக் கைவிட்டுவிடும் மாத்திரைக்கு வருகிறேன். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். மலேரியாவுக்கு வந்த மருந்து, லூபஸ் சிகிச்சையின் அடித்தளமாகிவிட்டது. கொரோனா வந்த 2020-ல் அதை எல்லோரும் வாங்கிக் குவித்தபோது லூபஸ் நோயாளிகள் கடை கடையாக அலைந்ததைப் பலர் மறந்திருக்கலாம். இந்த மாத்திரை போட்ட மறுநாள் ஒன்றும் தெரியாது. பலன் தெரிய 2 முதல் 3 மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அதற்குள் “இதனால் ஒன்றும் பிரயோஜனமில்லை” என்று விட்டுவிடுகிறார்கள். விட்ட மறுநாளும் ஒன்றும் தெரியாது, ஏனெனில் மருந்து உடலில் வாரக்கணக்கில் தங்கும். “நிறுத்தியும் நன்றாகத்தானே இருக்கிறேன்” என்று எண்ணியிருக்கும்போது, சில மாதம் கழித்து நோய் கிளம்பும். அப்போது இரண்டையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை.

கண் போய்விடும் என்ற பயம் இன்னொரு காரணம். அந்தப் பயத்துக்கு எண்ணிக்கையில் விடை இருக்கிறது. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாமல், சிறுநீரகமும் சரியாக இருந்தால், முதல் 10 ஆண்டுகளில் விழித்திரை பாதிக்கப்படும் வாய்ப்பு 100 பேரில் 2 பேருக்கும் குறைவு. 20 ஆண்டுகளுக்கு மேல் போகும்போதுதான் அது கணிசமாகக் கூடுகிறது. எனவே மருந்து தொடங்கிய முதல் ஆண்டுக்குள் ஒரு கண் பரிசோதனை, 5 ஆண்டு முடிந்தபின் ஆண்டுதோறும் ஒன்று. சிறுநீரகக் கோளாறோ ஏற்கெனவே விழித்திரைக் கோளாறோ இருந்தால் ஆண்டுப் பரிசோதனையை முன்கூட்டியே தொடங்க வேண்டும். கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகை படித்துக் காட்டுவது இதற்குப் போதாது. விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓ.சி.டி.யும் பார்வைப் புலச் சோதனையும் வேண்டும். அளவுக் கணக்கை நோயாளியும் போட்டுப் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ளவருக்கு உச்ச அளவு 300 மில்லிகிராம். கையில் 200 மில்லிகிராம் மாத்திரைதான் என்றால், ஒரு நாள் ஒன்று, மறுநாள் இரண்டு என்று டாக்டர்கள் எழுதுவதுண்டு. இப்படி எழுதியிருந்தால் நாள்காட்டித் தாளில் அன்றன்று குறித்துவிடுங்கள், குழப்பம் வராது. எடை குறைந்திருந்தால் அடுத்த முறை டாக்டருக்கு நினைவூட்டுங்கள். சாப்பாட்டுக்குப் பின் போட்டால் வயிற்றுப் புரட்டல் குறையும். கடையில் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தால் பதற வேண்டாம். மருந்தின் பெயரும் மில்லிகிராமும் அதேதானா என்று அட்டையில் படித்துப் பார்த்தால் போதும்.

புகைபிடிப்பது நோயைக் கிளறும் என்பதோடு இந்த மாத்திரையின் பலனையும் குறைக்கும். வீட்டு ஆண்கள் கூடத்தில் உட்கார்ந்து பிடிப்பதையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட் வரும் நாள் லூபஸ் வீடுகளில் தேர்வு முடிவு வரும் நாள் மாதிரி. உடல் தன்னையே தாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் ஏ.என்.ஏ. சோதனை ‘பாசிட்டிவ்’ என்று சிவப்பு எழுத்தில் பார்த்ததும் நொறுங்கிப் போகிறவர்கள் உண்டு. அந்தச் சோதனை நோயைக் கண்டுபிடிக்க உதவும் ஒரு வாசல், அவ்வளவுதான். நல்ல ஆரோக்கியமாக இருக்கும் பலருக்கும் அது பாசிட்டிவ் காட்டும். லூபஸ் உள்ளவருக்கு நோய் அடங்கிய பின்னும் அது பாசிட்டிவாகவே இருக்கலாம். அதைத் திரும்பத் திரும்ப எடுத்துக் காசைக் கரைக்க வேண்டியதில்லை. தொடர்ந்து கவனிக்க வேண்டியவை வேறு: சிறுநீரில் புரதம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், ரத்த அணுக்களின் எண்ணிக்கை, நோயின் வேகத்தைக் காட்டும் சி3, சி4, டி.எஸ்.டி.என்.ஏ. ரத்தச் சோதனைகள். இவற்றிலும் சிறுநீர்ச் சோதனைக்குத்தான் முதலிடம் கொடுப்பேன், ஏனென்றால் சிறுநீரக பாதிப்பு தொடக்கத்தில் வலிக்காது. காலை எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கொடுங்கள். மாதவிடாய் நாள்களில் கொடுத்தால் ரத்தமும் புரதமும் பொய்யாகக் காட்டிப் பயமுறுத்தும். அந்த நாள்கள் முடிந்தபின் கொடுங்கள். ஒரு நாள் கணக்கில் புரதம் 500 மில்லிகிராமைத் தாண்டினால் டாக்டர் அடுத்த கட்டத்துக்குப் போவார், சிறுநீரகத் திசுச் சோதனையும் சொல்லலாம். அதைக் கேட்டதும் டயாலிசிஸ் வரை கற்பனை ஓடும். எந்த வகைப் பாதிப்பு என்று தெரிந்தால்தான் சரியான மருந்தைக் கொடுக்க முடியும் என்பதற்காகவே அந்தச் சோதனை.

ஒரு 80 பக்க நோட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசிச் செயலிகளைவிட இதுவே நல்லது என்பது என் கருத்து. பாட்டியும் எழுதலாம், டாக்டரும் ஒரு புரட்டில் பார்த்துவிடுவார். நாளுக்கு ஒரே வரி: காலையில் மூட்டு விறைப்பு எத்தனை நிமிடம், காய்ச்சல் உண்டா, எத்தனை மணி நேரத் தூக்கம், மாத்திரை போட்டாயிற்றா. வாரத்துக்கு இருமுறை ரத்த அழுத்தம்: 5 நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கை நெஞ்சு மட்டத்தில் மேசைமீது இருக்க, அதன்பின் எடுப்பது. கன்னத்தில் பட்டாம்பூச்சி விரித்தாற்போலச் சிவப்பு வந்தால் அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள். டாக்டரைப் பார்க்கப் போகும் நாளில் அது மறைந்திருக்கும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள். மூன்றுக்கு மேல் எழுதினால் புறநோயாளர் பிரிவின் கூட்டத்தில் முதல் கேள்விக்கே சரியான விடை கிடைக்காது. இந்த நோட்டின் உண்மையான பயன் மூன்றாம் மாதத்தில்தான் தெரியும். நோய் கிளம்புவதற்கு முன் பலருடைய உடல் ஒரு முன்னறிவிப்பு கொடுக்கும்: ஒருவருக்கு வாயின் மேலண்ணத்தில் வலியில்லாத புண், இன்னொருவருக்கு முடி கொத்தாக உதிர்வது, வேறொருவருக்கு அடிவிரல் மூட்டு வீக்கம். தன்னுடையது எது என்று தெரிந்துவிட்டால் மற்ற எல்லா வலிக்கும் பதறத் தேவையில்லை.

வெயில். நம் ஊரில் இதைத் தவிர்க்கச் சொல்வது மீனிடம் தண்ணீரைத் தவிர்க்கச் சொல்வது போலத்தான். ஆனாலும் புற ஊதாக் கதிர் பட்டால் தோல் மட்டுமின்றி உள்ளுறுப்பு நோயும் கிளம்பலாம் என்பதால் வழி தேடியே ஆக வேண்டும். காலை 10 முதல் மாலை 4 வரை முடிந்தவரை உள்ளே. வாசல் தெளித்துக் கோலம் போடுவதற்கும் நடைக்கும் 7 மணிக்கு முந்திய நேரம் நல்லது. மாடியில் வற்றல் காயவைக்கும் வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுங்கள். சன்ஸ்கிரீன் எஸ்.பி.எஃப். 30 அல்லது 50; யு.வி.ஏ., யு.வி.பி. என்ற இரு வகைப் புற ஊதாக் கதிர்களையும் தடுப்பதாக இருக்க வேண்டும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்குப் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியான அளவு. பட்டாணி அளவு தொட்டுப் பூசினால் பாட்டிலில் எழுதிய பாதுகாப்பில் ஒரு பகுதிதான் கிடைக்கும். காதும் பின்கழுத்தும் விட்டுப்போகும் இடங்கள். வெளியே போவதற்கு 20 நிமிடம் முன் பூசி, 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். சென்னை வியர்வையில் அதற்கும் முன்பே வழிந்துவிடும். அதனால் துணியைத்தான் அதிகம் நம்ப வேண்டும். நெருக்கமான நெசவில் அடர்நிற முழுக்கைச் சட்டை, மெல்லிய வெள்ளைப் பருத்தியைவிட நன்றாகத் தடுக்கும். ஸ்கூட்டியில் போகும் பெண்கள் துப்பட்டாவை முகத்தில் சுற்றி, கையுறை மாட்டும் பழக்கம் இங்கே லூபஸுக்கு மிகவும் உதவுகிறது, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கறுப்புக் குடை நல்லதுதான், ஆனால் சிமெண்ட் தரையிலிருந்தும் கடற்கரை மணலிலிருந்தும் கதிர் மேலே எழும்பி வரும். ஜன்னல் கண்ணாடி யு.வி.ஏ. கதிரைப் பெருமளவு உள்ளே விடும் என்பதால் பேருந்தில் வெயில் அடிக்கும் பக்கத்து இருக்கை வேண்டாம். மேகமூட்டமான நாளிலும் இதே விதிதான். இத்தனைக்கும் பிறகு வைட்டமின் டி குறையும். அதற்குச் சோதனையும் மாத்திரையும் உண்டு. டி வேண்டும் என்று வெயிலில் உட்காரச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம்.

சோர்வைப் பற்றி ஆற அமரச் சொல்ல வேண்டும். வெளியே தெரியாத இதுதான் குடும்பத்தில் அதிகக் காயம் ஏற்படுத்துகிறது. “பார்த்தா நல்லாத்தானே இருக்கே” என்ற சொல்லைக் கேட்காத லூபஸ் நோயாளி இருக்க மாட்டார். சம்பந்தப்பட்டவர்களுக்கு இப்படி விளக்கலாம்: மற்றவர்கள் வீட்டில் மோட்டார் எப்போது போட்டாலும் மாடித் தொட்டி நிரம்பும், லூபஸ் வீட்டில் காலையில் ஒருமுறைதான் தண்ணீர் ஏறும், சில நாள் அரைத் தொட்டிதான் ஏறும். துணி துவைத்து முடித்ததும் தொட்டி காலி என்றால் மாலைச் சமையலுக்குத் தண்ணீர் கிடையாது. ஆகவே காலையில் எழுந்ததும் இன்று தொட்டி எவ்வளவு என்று பார்த்து, அதற்கேற்ப வேலையைப் பிரிக்க வேண்டும். கனமான வேலை ஒன்று முடிந்ததும் உட்கார்ந்து செய்யும் வேலை ஒன்று. காய் நறுக்குவதை நின்றுகொண்டு செய்யத் தேவையில்லை. மாவு அரைப்பதும் வீடு துடைப்பதும் ஒரே நாளில் வேண்டாம். விழுந்துவிடும் அளவுக்குக் களைத்தபின் ஓய்வெடுத்தால் மீள்வதற்கு இரண்டு நாள் ஆகும். களைப்பதற்கு முன்பே 20 நிமிடம் படுத்தால் மாலை மிஞ்சும்.

அதிகம் தவறு நடப்பது நல்ல நாளில். உடம்பு லேசாக இருக்கிறதே என்று ஒரு வாரத்துக்கான வேலையை அன்றே இழுத்துப் போட்டுச் செய்வார்கள். அடுத்த மூன்று நாள் படுக்கை. படுக்கையில் கிடக்கும்போது ‘நோய் முற்றிவிட்டதோ’ என்ற பயம். நல்ல நாளில், செய்ய முடியும் என்று தோன்றுவதில் முக்கால் பங்கோடு நிறுத்திக்கொள்வது என்ற ஒரு விதி பலருடைய மாதத்தையே மாற்றும். அதே சமயம் முழு நேரமும் படுத்தே இருந்தாலும் சோர்வு கூடும், தசை மெலியும். நோய் அடங்கியிருக்கும்போது நாளுக்கு 10 நிமிட நடையில் தொடங்கி, வாரத்துக்கு ஓரிரு நிமிடமாகக் கூட்டலாம். மூச்சுப் பயிற்சியில் உள்ளே 4 எண்ணிக்கை, வெளியே 6 எண்ணிக்கை என்று 5 நிமிடம் செய்தால் நெஞ்சுப் படபடப்பு தணியும். திருவண்ணாமலை கிரிவலம் போக ஆசைப்படுகிறவர்கள் உண்டு. இரவில் போவதால் வெயில் இல்லை. ஆனால் சுற்று 14 கிலோமீட்டர். பாதியில் ஆட்டோ பிடிப்பதைத் தோல்வியாக நினைக்காதவர்கள் போகலாம்.

சோர்வை முழுக்க லூபஸ் கணக்கில் எழுதுவதும் தவறு. ஹீமோகுளோபின் குறைவு, தைராய்டு குறைவு, தூக்கக் கெடுதி, மனச்சோர்வு ஆகிய நான்கும் லூபஸோடு அடிக்கடி சேர்ந்து வரும், நான்குக்கும் சிகிச்சை உண்டு. ஸ்டீராய்டு எடுத்தவருக்கு நடக்கும்போது தொடை இடுக்கில் வலி, சம்மணம் போட்டு உட்கார முடியாமை வந்தால் இடுப்பு மூட்டு எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம். எக்ஸ்ரே தொடக்கத்தில் சரியாகவே காட்டும்; எம்.ஆர்.ஐ.தான் சொல்லும். ஏ.சி. அறையில் விரல்கள் வெளுத்து, பின் நீலமாகி, பின் சிவந்தால் அது ரேனாட், அதாவது குளிரில் விரல்களின் ரத்தக் குழாய் சுருங்கும் கோளாறு. கையுறையும் வெதுவெதுப்பான தண்ணீரும் உதவும், டாக்டரிடமும் சொல்லுங்கள்.

காய்ச்சலில் மட்டும் வீட்டு வைத்தியம் வேண்டாம். 100.4 டிகிரியைத் தொட்டால், அது லூபஸ் கிளம்பியதா, கிருமித் தொற்றா என்று வீட்டில் யாராலும் சொல்ல முடியாது. இரண்டுக்கும் மருத்துவம் நேரெதிர். ஒன்றுக்கு எதிர்ப்பை அடக்க வேண்டும், மற்றதற்கு அடக்கினால் ஆபத்து. தானாக ஸ்டீராய்டைக் கூட்டிக்கொள்ளாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் டெங்கு வரும்போது குழப்பம் இன்னும் அதிகம், லூபஸிலும் டெங்குவிலும் தட்டணுக்கள் குறையும். பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டு கையில் இருந்தால்தான் டாக்டர் ஒப்பிட முடியும். தெருமுனை கிளினிக்கில் போடும் டைக்ளோஃபெனாக் ஊசியும், கடையில் கேட்டு வாங்கும் இபுப்ரோஃபெனும் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம், டெங்குவாக இருந்தால் ரத்தக் கசிவையும் கூட்டலாம். பாரசிட்டமாலோடு நிறுத்திக்கொண்டு டாக்டரிடம் போங்கள். சல்ஃபா வகை ஆன்டிபயாட்டிக் சிலருக்கு நோயைக் கிளறும். “எனக்கு லூபஸ், இன்ன மாத்திரை இவ்வளவு எடுக்கிறேன்” என்று எழுதிய சிறு அட்டை பணப்பையில் இருக்கட்டும். தடுப்பூசிகளில் இன்ஃபுளூயன்சா, நிமோனியா ஊசிகளைக் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். எதிர்ப்பை அடக்கும் மருந்து எடுக்கும்போது சின்னம்மை, தட்டம்மை போன்ற உயிருள்ள கிருமித் தடுப்பூசிகள் கூடாது.

‘எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்’ பொடி, லேகியம் கொண்டுவந்து கொடுக்கும் உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். இங்கே எதிர்ப்பு சக்தி குறைவாக இருப்பதால் வந்த நோயில்லை, அது வழி தவறியதால் வந்தது. எதில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத மருந்து, ஏற்கெனவே பாரம் சுமக்கும் சிறுநீரகத்துக்கு வேண்டாம். உணவில் தனிப் பத்தியம் எதுவும் இல்லை, உப்பைத் தவிர. நாளுக்கு மொத்தம் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் ஆகியவை அந்தக் கணக்கை ஒரே வேளையில் தின்றுவிடும்.

கல்யாணப் பேச்சு எழும்போது நோயை மறைக்கச் சொல்லும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பயம் புரிகிறது. ஆனால் மறைத்துக் கட்டிக்கொடுத்த வீட்டில் பெண் மாத்திரையை ஒளித்துப் போட வேண்டியிருக்கும், ஒருநாள் போடாமலே விடுவாள். சொல்லவேண்டிய உண்மை அவ்வளவு கொடியதும் இல்லை. லூபஸ் உள்ள பெரும்பாலான பெண்கள் தாயாகலாம். நோய் குறைந்தது 6 மாதம் அடங்கியிருக்க வேண்டும். எதிர்ப்பை அடக்கும் மருந்தான மைக்கோஃபீனோலேட்டைக் கருத்தரிப்பதற்கு 6 வாரம் முன்பே நிறுத்தி, அசாதியோபிரின் போன்ற பாதுகாப்பான மருந்துக்கு டாக்டர் மாற்றுவார். மெத்தோட்ரெக்சேட், சைக்ளோஃபாஸ்ஃபமைடு கூடாது. ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைக் கர்ப்பத்திலும் தொடர வேண்டும், நிறுத்துவதுதான் ஆபத்து. ஆன்டி ரோ, ஆன்டி பாஸ்போலிப்பிட் என்ற இரண்டு ரத்தச் சோதனைகளை முன்பே செய்துவிட வேண்டும். முதலாவது பாசிட்டிவ் என்றால் சிசுவின் இதயத் துடிப்பைக் கவனிப்பார்கள். இரண்டாவது பாசிட்டிவ் என்றால் கருச்சிதைவைத் தடுக்க ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் தேவைப்படலாம்.

இவற்றில் ஒரு நோயாளியால் தனியாகச் செய்ய முடியாதவையும் உண்டு. அவற்றைத் தங்கள் இதழ் வழியாகக் கேட்க விரும்புகிறேன். பள்ளிகளில் காலை வழிபாட்டுக் கூட்டம் வெயிலில் நடக்கிறது. லூபஸ் உள்ள மாணவி நிழலில் நிற்கவும், முழுக்கைச் சட்டை போடவும், விளையாட்டு வகுப்பில் உள்ளே இருக்கவும் மருத்துவச் சான்று ஒன்றின் பேரில் ஆண்டு முழுவதற்கும் தலைமையாசிரியர் அனுமதி தர வேண்டும். ஒவ்வொரு நாளும் எல்லோர் முன்னாலும் காரணம் சொல்ல வைக்கக் கூடாது. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் வாதநோய்ப் பிரிவு போன்ற இடங்களுக்குத் தொலைவிலிருந்து வருகிறவர்கள், நோய் அடங்கிய பின்னும் வெறும் மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை இழந்து, வெயிலில் பயணம் செய்து வருகிறார்கள். அந்த மாத்திரைப் பையில் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினுக்கும் இடம் வேண்டும். தங்கள் செய்தியாளர்கள் அடுத்த முறை லூபஸ் பற்றி எழுதும்போது ‘மர்ம நோய்’ என்ற சொல்லை விட்டுவிட்டு, அருகிலுள்ள எந்த மருத்துவமனையில் எந்தக் கிழமை வாதநோய்ப் புறநோயாளர் பிரிவு இயங்குகிறது என்ற விவரத்தைச் செய்தியின் அடியில் ஒரு பெட்டியாகப் போட்டால் மிகவும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாதநோய்ப் பிரிவுச் செவிலியர் ஒருவர்,
மதுரை